பதினோராம் மணிக்கு வந்தவனும் அதே கூலியும்

பெயின்ட்காரன், செந்தூல்

வேதத்தில் படித்த ஒரு பகுதி நம் வாழ்க்கையில் எங்கே வந்து இடித்தது என்று எழுதச் சொன்னீர்கள். சாட்சி சொல்கிற மாதிரி எனக்கு வராது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெயின்ட் கொண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன். பெரிய ஆள் இல்லை, ஆறு பேர் என்னிடம் வேலை பார்க்கிறார்கள், எல்லாருக்கும் நாள் சம்பளம். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் ஃபிளாட்டில் வேதபாடம் நடக்கும், எட்டு ஒன்பது பேர் வருவார்கள், லிஃப்ட் கெட்டுப்போன வாரம் நாலு பேர். மத்தேயு சுவிசேஷத்தை வாரம் ஒரு பகுதி என்று எடுத்து வந்து 20-ஆம் அதிகாரத்துக்கு வந்தோம். இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை. எஜமான் விடியற்காலையில் போய் நாளுக்கு ஒரு பணம் என்று கூலி பேசி ஆள் எடுக்கிறார், அப்புறம் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று போய்ப் போய் எடுக்கிறார், கடைசியாகப் பதினோராம் மணிக்கும் போய்க் கூட்டி வருகிறார், சாயங்காலம் எல்லார் கையிலும் அதே ஒரு பணம்.

எங்கள் குழுவில் கிராப் செயலியில் வண்டி ஓட்டுகிற தம்பி ஒருவன். "பதினோரு மணிக்கு வந்தவன் அப்படி என்ன லேட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டானே" என்றான். எல்லாரும் சிரித்தோம், ஆனால் நானும் ரொம்ப வருஷம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தவன்தான். அவர்கள் பகலைச் சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுவார்கள். மூன்றாம் மணி என்றால் நமக்குக் காலை ஒன்பது, பதினோராம் மணி என்றால் சாயங்காலம் ஐந்து. ஆறுக்கு வேலை முடிகிறது. நாங்கள் பிரஷ்ஷைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற நேரத்தில் ஒருவன் வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எப்போதும் முதலில் வந்தவர்கள் கட்சி. மேற்கு பார்த்த சுவரில் மத்தியானம் சாரத்தில் நின்று ரோலர் உருட்டிப் பாருங்கள், சுவரிலிருந்து அடுப்பு மாதிரி அனல் திரும்பி முகத்தில் அடிக்கும், பெயின்ட் ரோலரிலேயே காய்ந்து இழுக்கும். "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு" என்று அவர்கள் முறுமுறுக்கிற இடம் வந்தால் எனக்கு ஆமென் சொல்லத் தோன்றும். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். தேவனுடைய கிருபை, சரி, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆள் வைத்து வேலை வாங்குகிறவன் இப்படிச் செய்தால் மறுநாள் ஒருத்தனும் காலையில் வரமாட்டான், எல்லாரும் ஐந்து மணிக்கு வந்து கையை நீட்டுவான் என்றேன்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த பாட்டி பேசினார். 78 வயது, சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பாட்டு எடுத்துக் கொடுப்பாரே தவிர பாடத்தில் வாயே திறக்க மாட்டார். "தம்பி, அவங்க ஏன் அஞ்சு மணி வரைக்கும் நின்னாங்கன்னு படிச்சியா?"

படித்தேன். ஏழாம் வசனம். ஒருவரும் எங்களுக்கு வேலை கொடுக்கவில்லை என்கிறார்கள். அந்தப் பகுதியை எத்தனை தடவை வாசித்திருப்பேன், பிரசங்கம்கூட ஒருமுறை செய்திருக்கிறேன், அந்த வரி கண்ணிலேயே படவில்லை.

பாட்டி சொன்னது இது. தோட்டத்தில் விடியும் முன்னே பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் எடுப்பது. கிராணி என்கிற கணக்கர் செக்ரோல் பதிவேட்டில் பேர் போட்டால்தான் அன்றைக்குக் கூலி. ராத்திரி மழை பெய்து மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, அன்றைக்குப் பலருக்குப் பேர் இல்லை. பாட்டியின் அப்பாவுக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு இடது கை சரியாக வராதாம். ஆள் குறைந்தால் புல் வெட்டவாவது கூப்பிடுவார்கள் என்று பெரட்டுக் களத்தில் கடைசி வரை நிற்பாராம். கூப்பிடாவிட்டாலும் லயத்து வீட்டுக்குத் திரும்ப மாட்டார், பகலில் வெறுங்கையோடு நடந்து வந்தால் நாலு வீட்டில் பார்ப்பார்களே. "நிக்கிறதும் வேலதான் தம்பி. அதுக்குக் கூலி கிடையாது, அவ்வளவுதான்" என்றார்.

அப்புறம் நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். ஏழையான கூலிக்காரனுக்குப் பொழுது போகும் முன்னே அன்றன்றைய கூலியைக் கொடுத்துவிட வேண்டும், அவன் மனம் அதன் மேலேயே இருக்கும் என்று சட்டம். அப்போது கணக்குப் புரிந்தது. ஒரு பணம் என்பது ஒரு வீட்டின் ஒருநாள் சாப்பாடு. ஒரு மணி நேரக் கூலி என்று பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுத்தால் அவன் அதைக் கொண்டுபோய் என்ன வாங்குவான்? இன்னொன்றும் பார்த்தேன். தொகை பேசிக்கொண்டு போனவர்கள் முதல் ஆட்கள் மட்டும்தான். மூன்றாம் மணிக்காரர்களுக்கு 'நியாயமானபடி கொடுப்பேன்' என்ற வார்த்தைதான், அவர்கள் அதை நம்பிப் போனார்கள்.

இதோடு நின்றிருந்தால் நல்ல வேதபாடம், அவ்வளவுதான். அடுத்த மாதம் அக்டோபர். கேஎல்லில், அதாவது கோலாலம்பூரில், அக்டோபர் நவம்பர் மழை உங்களுக்குத் தெரியும், காலையில் கண்ணைக் கூசும் வெயில், மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். கெப்போங்கில் ஓர் அப்பார்ட்மென்ட்டுக்கு வெளிச்சுவர் வேலை. ஈரச் சுவரில் அடித்தால் பிறகு கொப்புளம் கிளம்பி உரிந்து வரும், அதனால் மழை பிடித்தால் வேலை முடிந்தது, அரைநாள் சம்பளம், 110 ரிங்கிட்டில் 55. அது நான் போட்ட சட்டம்கூட இல்லை, எங்கள் தொழிலில் நான் பார்த்தவரை எல்லாரும் செய்வது. ஒருநாள் ஒன்றரை மணிக்கே மழை. பையன்கள் போய்விட்டார்கள். நான் மூன்றரைக்குச் சாமான் எடுக்கத் திரும்பி வந்தால் எங்களோடு வேலை செய்கிற அங்கிள், அறுபதை நெருங்குகிறவர், கார் பார்க் ஓரத்தில் நிற்கிறார். உட்காரக்கூட இல்லை. கையில் ரோலர். "மழை விட்டா வடக்குப் பக்கம் காயும் பாஸ், அங்க கூரை இருக்கு" என்றார்.

எனக்குப் பாட்டியின் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. 110 கொடுத்தேன்.

சனிக்கிழமை வந்தது வினை. அதே நாளில் வேறு வீட்டுக்குள்ளே காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரைச் சமப்படுத்தும் ஸ்கிம் கோட் பூச்சைத் தேய்த்த இரண்டு பேர், தலையெல்லாம் வெள்ளைத் தூள், "அவர் நின்னுக்கிட்டு இருந்ததுக்கு 110, நாங்க தேய்ச்சதுக்கும் 110-ஆ?" என்றார்கள். வசனம் அப்படியே வந்து என் முன்னால் நின்றது. அந்த எஜமான் சொன்ன பதிலைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தன் சொந்தப் பணத்தில் தாராளமாக இருந்தார். எனக்கோ மெயின் கொண்ட்ராக்டர் மூன்று மாத பில்லை இழுத்தடித்துக்கொண்டிருந்த நேரம், அங்கிளுக்குக் கொடுத்தது என் மகள் டியூஷன் காசு.

இப்போது கொட்டேஷன் போடும்போதே மழை நாட்களையும் சேர்த்துப் போடுகிறேன். விலை கொஞ்சம் ஏறிவிட்டது, இரண்டு வேலை கைமாறிப் போனது. முறுமுறுத்த இருவரில் ஒருவன் விலகிவிட்டான், நல்ல கைக்காரன், இன்னும் அவனைப் போல ஒருவன் கிடைக்கவில்லை.

ஓய்வு பெற்ற டீச்சர், பட்டர்வொர்த்

தம்பி, அந்த எஜமானுடைய கடைசிக் கேள்வியை விட்டுவிட்டீர்கள். "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" கிரேக்கத்தில் அது நேராகவே 'உன் கண் பொல்லாததாயிருக்கிறதோ' என்றுதான் இருக்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கண்ணைத் தமிழிலும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள், எனக்கு அதில் ஒரு பெருமை. ஈகை அதிகாரம், 228-ஆம் குறளிலும் பிறருக்குக் கொடுக்காமல் வைத்திருந்து இழக்கிறவர்களை வள்ளுவர் வன்கணவர் என்றே சொல்கிறார். பாடம் எடுத்த பழக்கம் போகவில்லை, மன்னியுங்கள்.

என் கதை சின்னது. அம்மாவை 11 வருஷம் நான்தான் பார்த்தேன். குளிப்பாட்டி, பால் கலக்கி, ராத்திரி மூன்று முறை எழுந்து. என் கூடப்பிறந்த தம்பி ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருந்தான், கடைசி மாதம் வந்தான். அம்மா கண்ணை மூடும்போது அவன் கையைப் பிடித்திருந்தார்கள், என் கையை இல்லை. வீடும் ஆளுக்குப் பாதி என்று எழுதி வைத்திருந்தார்கள். அடக்கம் முடிந்த இரண்டாம் வாரம் சபையில் இந்தப் பகுதி வாசித்தார்கள், எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

வீட்டுக்கு வந்து கோபத்தோடு 19-ஆம் அதிகாரத்திலிருந்து படித்தேன். அதிகாரங்களைப் பிரித்தது 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர், மத்தேயு பிரிக்கவில்லை, ஆகவே அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் படிக்க வேண்டும். படித்தால், இந்த உவமையே இயேசுவின் சீஷர் பேதுருவுக்குப் பதில் மாதிரி இருக்கிறது. எல்லாவற்றையும் விட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று அவர் கேட்கிறார். 11 வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதேதான், யாருக்கும் கேட்காமல். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் தம்பிதான் நீட்டினான். வாங்கும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். அதற்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

ஜாலான் ஈப்போ அண்ணன்

எனக்கு ஒரு மனத்தாங்கல். முதல் வசனமே பரலோகராஜ்யம் இதற்கு ஒப்பாயிருக்கிறது என்று ஆரம்பிக்கிறது. இதைச் சம்பளக் கணக்காகவும் சொத்துக் கணக்காகவும் இறக்கினால் நாளைக்கு ஒருவர் இதை வைத்துக் குறைந்தபட்ச ஊதியம் 1,700 ரிங்கிட் சரியா தவறா என்று வாதம் பண்ணுவார்.

நான் ஏன் சொல்கிறேன் என்றால், என் அப்பா ஆயுசு முழுக்கக் குடித்தவர். 17 வயதில் நான் ஞானஸ்நானம் எடுத்துவிட்டு வந்த அன்றைக்கு பெல்ட்டால் அடித்தவர். சாவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிக் கட்டிலில், போதகரைக் கூப்பிடச் சொன்னார். தலையில் தண்ணீர் ஊற்றும்போது நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்கு வந்தது எரிச்சல். இத்தனை வருஷம் ஞாயிறு தவறாமல் போன எனக்கும் அதே பரலோகமா, இவருக்கும் அதே பரலோகமா? அப்போதுதான் முதல் ஆட்களில் நான் ஒருவன் என்று தெரிந்தது. இதுதான் அந்த உவமை, என்னைக் கேட்டால். கூலி அதற்கு ஒரு சட்டை.

கிராப் தம்பி

அந்தப் பதினோரு மணிக் கேள்வி கேட்டது நான்தான், ஊருக்கே சொல்லியாச்சு, நன்றி அண்ணே. ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், கேஎல் சென்ட்ரல் பக்கம் ஆர்டர் வராமல் இரண்டு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கும்போது எனக்கு அந்தப் பாட்டியின் அப்பாதான் ஞாபகம் வருகிறார். நின்றதற்கு எவனும் காசு தர மாட்டான்.

பெயின்ட்காரன், செந்தூல்

அண்ணன் சொல்வது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண்டவர் சட்டை என்று எடுத்தது கூலியைத்தானே, அவர் பார்த்த சந்தையில் நிஜமாகவே அப்படி ஆட்கள் நின்றிருப்பார்கள். பரலோகத்தில் அப்படிக் கொடுக்கிறவரைக் கும்பிட்டுவிட்டு கெப்போங்கில் நான் 55-ஐ எண்ணிக் கொடுத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை, என் அளவுக்கு அவ்வளவுதான். டீச்சர், வன்கண் விஷயத்தை வரும் வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறேன், உங்கள் கதையைச் சொல்லாமல்.

அங்கிள் விஷயம் ஒன்று பாக்கி. மழைக்கும் முழுச் சம்பளம் என்று தெரிந்தபிறகு அவர் இப்போதெல்லாம் நிற்பதே இல்லை. வானம் இருட்டும்போதே ரோலரைக் கழுவி, ஹெல்மெட்டை மாட்டி, மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிவிடுகிறார். நேற்று இரண்டு சொட்டுதான் விழுந்தது, ஆள் இல்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரி பாட்டிக்குப் போன் பண்ணி இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார், அப்புறம், "எங்கப்பாவும் அப்படித்தான் போயிருப்பாரு" என்றார்.