மூன்றாவது நோட்டைக் கழற்றினால் மிச்சம் இரண்டும் தாங்குமா?

கல்லடிக்கரை:
கல்லடியில் கலியாணப் படம், வீடியோ எடுக்கிற ஸ்டூடியோ ஒன்றின் சேர்வர்களை நான்தான் பார்க்கிறேன். மூன்று மெஷின் (நோட்), பைல்களைப் பல மெஷினில் சேர்த்து வைக்கிற குளஸ்டர்எஃப்எஸ் மென்பொருள், ரெப்ளிகா 3. ஒவ்வொரு பைலும் மூன்றிலும் முழுதாக இருக்கும். ஏறக்குறைய 3 இலட்சம் பைல். மூன்றாவது மெஷின் கடல்பக்க யன்னலடியில் இருந்தது. உப்புக்காற்றில் நெட்வேர்க் போர்ட் பச்சை பிடித்துவிட்டது, டிஸ்க்கும் பிழை காட்டத் தொடங்கிவிட்டது. புதிது வாங்க முதலாளியிடம் இப்போது காசு இல்லை. இதை நிரந்தரமாகக் கழற்றிவிட்டு இரண்டோடு ஓடலாமா?

சம்மாந்துறையான்:
ஓடலாம் தம்பி, யோசிக்காதீங்க. உங்களுடையது ரெப்ளிகா மட்டும் என்பதால் தரவை நகர்த்துகிற வேலையே இல்லை. ரிமூவ்-பிரிக் கட்டளையில் ரெப்ளிகா 2 என்று போட்டு, கழற்றுகிற பிரிக்கை, அதாவது அந்த மெஷினில் பைல்கள் கிடக்கிற இடத்தை, கொடுத்து, கடைசியில் போர்ஸ். அப்புறம் பியர் டிடாச், மெஷினையே கூட்டத்திலிருந்து விலக்குகிற கட்டளை. முதலில் பிரிக், பிறகுதான் பியர். பிரிக் உள்ளே இருக்கும்வரை டிடாச் மறுத்துவிடும். ஐந்து நிமிஷ வேலை. பழுதான நோட்டை வைத்து இழுத்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து.

வாவியோரம்:
கட்டளை சரி. ஆனால் அதற்கு முன் ஹீல் இன்ஃபோ, அதாவது பிரதிகளைச் சமப்படுத்த இன்னும் மிச்சமுள்ள பைல்களின் பட்டியல், பார்க்க வேண்டும். மூன்று பிரிக்கிலும் எண்ணிக்கை பூச்சியம் என்று வராமல் கைவைக்காதே தம்பி. மற்ற இரண்டும் ஏதோவொரு நேரம் விழுந்து எழும்பியிருந்தால், சில பைலின் புதிய பிரதி அந்தப் பச்சை பிடித்த மெஷினில் மட்டும் இருக்கக்கூடும். போர்ஸ் அதையெல்லாம் கேட்காது.

எனக்குப் பெரிய கவலை கழற்றிய பிறகுதான். மூன்று இருக்கும்போது ஒன்று விழுந்தால், மற்ற இரண்டும் பெரும்பான்மை. இரண்டு மட்டும் என்றால் பெரும்பான்மை என்ற பேச்சே இல்லை. குவோரத்தை (எழுத எத்தனை பிரிக் உயிரோடு இருக்க வேண்டும் என்ற விதி) ஓட்டோவில் விட்டால், முதல் பிரிக் உயிரோடு இருந்தால் மட்டும் எழுத விடும். அது விழுந்தால் இரண்டாவது நல்லா இருந்தும் வேலை நிற்கும். குவோரத்தை நிறுத்திவிட்டால், இடையிலுள்ள சுவிட்ச் கோளாறு பண்ணுகிற நேரம் இரண்டு பக்கமும் தனித்தனியாக எழுதிவிடும். அதுதான் ஸ்பிளிட் பிரெயின். எந்தப் பிரதி சரி என்று மென்பொருளுக்குத் தெரியாது, நீதான் பைல் பைலாக உட்கார்ந்து தெரிய வேண்டும். ஒரு நோட்டைக் கழற்றுகிறபோது டிஸ்க் மட்டும் போகவில்லை, ஒரு வாக்கும் போகிறது. அந்த வாக்கை இனி யார் போடுவார் என்று தீர்மானித்துவிட்டுக் கழற்று.

சம்மாந்துறையான்:
அண்ணன், நீங்க சொல்லுறது புத்தகப்படி சரி. நான் ஆலைக் கணக்கு ஓடுகிற இடத்தில் மூன்றும் வைத்துப் பார்த்தேன், இரண்டும் வைத்துப் பார்த்தேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததே, அப்போது மூன்று மெஷினும் மூன்று நேரத்தில் விழுந்து மூன்று நேரத்தில் எழும்பின. விடிய விடிய ஹீல். இரண்டாக்கி, ஒரே யூபிஎஸ்ஸில் போட்டு, தினமும் வெளி டிஸ்க்கில் பெக்கப் எடுத்த பிறகுதான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். எங்கட பக்கம் மெஷின் கூடக் கூட கரண்டோடு மல்லுக்கட்டுவதும் கூடும்.

இன்னொன்று. கலியாண வீடியோவை எடுத்து வைத்த பிறகு யார் மாற்றப் போகிறார்? ஒருமுறை எழுதி, பிறகு வாசிக்கிற தரவு. ஒரே பைலை இரண்டு பக்கமும் மாற்றினால்தானே பிரெயின் பிளக்கும்.

வாவியோரம்:
எடுத்த வீடியோவை யாரும் தொடமாட்டார்கள், அது உண்மை. ஆனால் எடிட் பண்ணுகிறவரின் புரொஜெக்ட் பைல் சில நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே சேவ் ஆகிறது. ஸ்டூடியோவில் மூன்று நாள் உழைப்பு அந்தச் சின்னப் பைலில்தான் இருக்கிறது.

காசு இல்லை என்றாலும் வழி இருக்கிறது: ஆர்பிட்டர். அது பைலின் பெயரையும் விபரத்தையும் மட்டும் வைத்திருக்கும், உள்ளடக்கத்தை வைக்காது. ஒரு பைலுக்கு 4 கேபி என்று கணக்குப் போட்டால் 3 இலட்சத்துக்கு 1.2 ஜிபி. மூலையில் கிடக்கிற பழைய டெஸ்க்டொப் போதும். முதலில் ரெப்ளிகா 2 ஆக்கு, உடனே அட்-பிரிக்கில் ரெப்ளிகா 3 ஆர்பிட்டர் 1 என்று கொடு. நடுவில் இரண்டோடு நிற்கிற நேரத்தில் எடிட்டர்களை எழுப்பித் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிடு.

களுவாஞ்சி:
ஐந்து நிமிஷ வேலை என்ற சொல்லை வாசிக்கிற மற்றப் பிள்ளைகளுக்காக ஒன்று சொல்கிறேன். அது சுத்த ரெப்ளிகாவுக்கு மட்டும். பைல்கள் நோட்டுகளில் பிரிந்து கிடக்கிற டிஸ்ட்ரிபியூட் வொலியூமில் போர்ஸ் போட்டால், அந்த நோட்டில் இருந்த பைல்கள் வொலியூமில் இருந்து போய்விடும். அங்கே ஸ்டார்ட் (நகர்த்தத் தொடங்கு), ஸ்டேட்டஸ் (முடிந்ததா பார்), கொமிட் (கழற்றுவதை உறுதி செய்) என்று மூன்று படி.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் அந்த மூன்றையும் ஒழுங்காகத்தான் செய்தேன். ஸ்டேட்டஸில் கொம்ப்ளீட்டட் என்று வந்தது, கொமிட் அடித்தேன். அதே வரியில் பெயிலியர் என்ற நிரலில் 217 இருந்ததை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை, ஸ்கான் பண்ணி வைத்த காணி உறுதிகளைக் காணவில்லை என்று கதவடியில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கழற்றிய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருந்தேன், அதனால் தப்பினேன். அதற்குள்ளே பூச்சிய அளவில், அனுமதி எழுத்துகளின் கடைசியில் டி போட்டுக் கிடந்தவை, பைல் வேறு பிரிக்கில் இருக்கிறது என்று காட்டுகிற வெறும் சுட்டிகள். அளவு உள்ளவைதான் நகராமல் போன பைல்கள். ஒவ்வொன்றாகத் தேடி, மவுண்ட் (பயனர்கள் வொலியூமைத் திறக்கிற வழி) வழியாகவே திரும்பப் போட்டேன். நேரே மற்றப் பிரிக்குக்குள் கொப்பி பண்ணக்கூடாது. எந்த முறையில் கழற்றினாலும், அந்த டிஸ்க்கை ஒரு கிழமைக்காவது தொடாமல் வையுங்க.

சம்மாந்துறையான்:
அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. என்றாலும் ஆர்பிட்டர் பற்றி நான் மாறவில்லை. அதற்கும் யூபிஎஸ் வேண்டும். தவிர, ஒரு தரவு நோட் விழுந்து, மிச்சம் இருப்பது பழைய பிரதி என்று ஆர்பிட்டருக்குத் தெரிந்தால், அந்தப் பைலையே திறக்க விடாது. முகூர்த்த நாள், வாடிக்கையாளர் வாசலில் நிற்கிறார், பைல் டிஸ்க்கில் இருக்கிறது, திறக்காது. இதை முதலாளிக்கு யார் விளங்கப்படுத்துவது?

வாவியோரம்:
நான் விளங்கப்படுத்துவேன். அப்படித் திறக்காமல் நிற்பதற்காகத்தான் அதை வைக்கிறோம். பழைய பிரதியைத் திறந்து, அதன் மேல் எழுதி, அதையே சரியென்று மற்றப் பக்கத்துக்கும் ஹீல் பண்ணிவிட்டால் பிறகு என்ன செய்வது? இரண்டு மணி நேரம் நிற்பது பெரிய நட்டமில்லை.

சம்மாந்துறையான்:
இரண்டு மணி நேரம் என்று யார் சொன்னது? இங்கே ஒரு பவர் சப்ளை வர இரண்டு நாள் ஆகும். கொழும்பிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட வேண்டும்.

களுவாஞ்சி:
சண்டைக்கு நடுவில் ஒன்று: கல்லடிக்கரை, எடிட்டிங் மெஷின்களின் எஃப்எஸ்டாப் (மெஷின் எழும்பும்போது எதை மவுண்ட் பண்ணுவது என்ற பட்டியல்) பார்த்தீங்களா? நோட்3 என்ற பெயரில் மவுண்ட் பண்ணியிருந்தால், கழற்றின அன்றைக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த கரண்ட் கட்டில் விழுந்து எழும்பும்போதுதான் மவுண்ட் வராது.

கல்லடிக்கரை:
இப்போதுதான் பார்த்தேன் அக்கா. ஐந்து மெஷினில் இரண்டு நோட்3ஐத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நோட்1க்கு மாற்றி, நோட்1 கிடைக்காத நேரம் மவுண்டுக்குக் கேட்கிற பெக்கப் வொல்ஃபைல் சேர்வராக நோட்2ஐயும் போட்டுவிட்டேன். ஹீல் இன்ஃபோவில் நோட்1 பிரிக்குக்குக் கீழே பூச்சியம், நோட்2 பிரிக்குக்குக் கீழே 14. அது பூச்சியமாகட்டும் என்று காத்திருக்கிறேன். முன்கவுண்டரில் பில் போடுகிற பழைய டெஸ்க்டொப் ஒன்று சும்மா கிடக்கிறது, முதலாளியிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அதை யன்னலடியில் வைக்கமாட்டேன்.