பட்டைச் சர்க்கரைச் சுருள் மேலே சிவக்கிறது, உள்ளே வேகவில்லை: எங்கே தவறுகிறேன்?

கேள்வி

வணக்கம். கடையில் உறைய வைத்து விற்கும் பஃப் பேஸ்ட்ரி ஷீட்டை வாங்கி, வெண்ணெய் தடவி, சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவிச் சுருட்டி வெட்டி ஓவனில் வைத்தால் அரை மணி நேரத்தில் மொறுமொறுப்பான பலகாரம் கிடைத்துவிடும் என்று நம்பித் தொடங்கினேன். இரண்டு முறை செய்தேன். இரண்டு முறையும் ஒரே குறைதான். சுருள்கள் மேலே நன்றாகச் சிவந்திருந்தன. ஒன்றை நடுவில் பிளந்து பார்த்தால் வெளிச்சுற்று மட்டும் ஏடு ஏடாகப் பிரிந்திருக்க, உள்சுற்றுகள் பச்சை மாவைப் போல வெளுத்து விரலில் ஒட்டின. தட்டில் உருகிய வெண்ணெய் தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில் சர்க்கரை கருத்த பாகாக இறுகிவிட்டதால், சுரண்டி எடுப்பதற்குள் சுருள்களின் அடிப்பகுதி பிய்ந்துபோனது.

நான் செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஷீட் ஏறக்குறைய 25 செ.மீ. சதுரம். அதை ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஒன்றரை மணி நேரம் மேசைமேல் வைத்திருந்தேன். 60 கிராம் வெண்ணெயை உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு தடவினேன். 120 கிராம் சர்க்கரையில் 2 தேக்கரண்டி பட்டைத்தூளைக் கலந்து தூவி, இறுக்கமாகச் சுருட்டி, இரண்டு விரற்கடை கனத்தில் வெட்டி, 180 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்தேன். குறை மாவில் இருக்கிறதா, என் செய்முறையில் இருக்கிறதா என்று அறிந்தவர்கள் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

வணக்கம். அளவுகளோடு எழுதியிருப்பதால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகிறது. மாவில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஓவனுக்குள் போவதற்கு முன்பே அதன் அடுக்குகள் குலைந்துவிட்டன என்றே நினைக்கிறேன்.

பஃப் பேஸ்ட்ரியில் ஈஸ்ட் கிடையாது. மாவும் வெண்ணெயும் மாறி மாறி மெல்லிய ஏடுகளாக இருக்கின்றன. மரபான முறைப்படி ஆறு தடவை மும்மடிப்பாக மடித்துத் தேய்த்தால் வெண்ணெய் ஏடுகள் மட்டுமே 729 ஆகின்றன. ஓவனின் சூட்டில் மாவிலும் வெண்ணெயிலும் உள்ள நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு சுமார் 1,600 மடங்கு பெருகுகிறது. அந்த ஆவி வெளியேற வழி தேடி ஒவ்வோர் ஏட்டையும் மேலே தூக்குகிறது. இடையில் உள்ள கொழுப்பு, மாவு ஏடுகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காக்கிறது. ஆகவே ஓவனுக்குள் போகும் கணம் வரை வெண்ணெய் கெட்டியாக, தனி ஏடாக இருந்தாக வேண்டும். அது 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். 20 டிகிரியைத் தாண்டும்போதே நன்றாக இளகிவிடும். நீங்கள் ஷீட்டை ஒன்றரை மணி நேரம் வெளியே வைத்தீர்கள். அதன்மேல் கொதிக்கும் வெண்ணெயையும் தடவினீர்கள். உள்ளே இருந்த வெண்ணெய் அப்போதே மாவுக்குள் ஊறியிருக்கும். தட்டில் தேங்கியது நீங்கள் தடவிய வெண்ணெய் மட்டுமன்று. ஏடுகளுக்கு இடையில் நிற்க வேண்டிய வெண்ணெயும் அதில் கலந்திருக்கிறது.

இரண்டு விவரங்கள் வேண்டும். சுருட்டும்போது மாவு கையில் எப்படி இருந்தது? எந்தக் கத்தியால் வெட்டினீர்கள்?

கேட்டவர்

உடனே பதில் எழுதியதற்கு நன்றி. மாவு துவண்டுபோய் விரலில் ஒட்டியது. மேற்பரப்பில் அங்கங்கே எண்ணெய்ப் பசை மின்னியது. காய்கறி வெட்டும் சாதாரணக் கத்தியைத்தான் பயன்படுத்தினேன். அது இறங்காததால் முன்னும் பின்னும் இழுத்து அறுக்க வேண்டியிருந்தது; வெட்டுமுகத்தில் சுற்றுகள் நசுங்கி ஒன்றாகிவிட்டன.

முதல் மறுமொழியை எழுதியவர்

அந்த எண்ணெய்ப் பசையே விடை. அதைக் கண்டதும் வேலையை நிறுத்தி, ஷீட்டை 20 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டுத் தொடருங்கள். உறைந்த ஷீட்டை முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. அவசரமானால் வெளியே 30 முதல் 40 நிமிடம் போதும். விரிசல் விடாமல் மடங்க வேண்டும், தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். அறை வெப்பமாக இருந்தால் இன்னும் முன்னதாகவே தொட்டுப் பாருங்கள். உருக்கிய வெண்ணெயை முழுவதும் ஆறவிட்டு, மாவு மினுங்கும் அளவுக்குத் தூரிகையால் மெல்லத் தடவினால் போதும், 25 செ.மீ. ஷீட்டுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் தேவையில்லை. வெண்ணெய் இல்லாமல் தண்ணீரை லேசாகத் தொட்டுத் தடவினாலும் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும். மாவிலேயே போதுமான கொழுப்பு இருப்பதால் சுவை குறையாது.

கூர்மையான கத்தியை நேராகக் கீழே அழுத்தி வெட்டுங்கள். நசுங்கிய விளிம்பில் ஏடுகள் ஒட்டிப்போவதால் ஆவி எழுந்தாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. மேலே முட்டை தடவும் பழக்கம் இருந்தால் அது வெட்டுமுகத்தில் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் பசை போல ஏடுகளை ஒட்டிவிடும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னதை முழுமையாக ஒப்புக்கொண்டு, சர்க்கரையைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன், ஏனெனில் தட்டில் கருகிய பாகுக்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு ஷீட்டுக்கு 120 கிராம் மிக அதிகம். 50 கிராம் சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு போதும். சர்க்கரை ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. தூவி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தால் அது மாவின் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசிந்து, சூட்டில் பாகாக வழிந்துவிடும். தூவியதும் உருட்டுக்கட்டையால் ஒரு முறை லேசாக அழுத்தி மாவில் பதியச் செய்து, உடனே வடிவம் கொடுத்துவிடுங்கள். தட்டில் பேக்கிங் பேப்பரைக் கட்டாயம் விரியுங்கள். மெழுகு பூசிய தாள் ஓவனுக்கு ஆகாது, மெழுகு உருகிப் புகையும். வெந்தவற்றை ஓரிரு நிமிடத்தில், பாகு இளகியிருக்கும்போதே, கம்பித்தட்டுக்கு மாற்றிவிட்டால் அடி பிய்யாது. அந்தப் பாகு கடுமையாகச் சுடும் என்பதால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுங்கள்.

நிறத்தைப் பார்த்து நீங்கள் ஏமாந்திருக்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். பட்டைத்தூள் தானே பழுப்பு நிறம். சர்க்கரையும் சீக்கிரம் நிறம் மாறும். எனவே சுருளின் மேற்பரப்பு வேகாதபோதும் வெந்ததுபோலத் தெரியும். ஒன்றை எடுத்து அடியைத் திருப்பிப் பாருங்கள். தூள் படாத மாவு விளிம்பு பொன்னிறமாகி, தட்டினால் காய்ந்த சருகுபோல ஓசை தந்தால்தான் வெந்ததாகப் பொருள்.

மூன்றாம் மறுமொழி

இருவரும் சொன்னவை சரியானவை. ஆனால் சுருள் என்ற வடிவத்தையே நான் மாற்றச் சொல்வேன். இறுக்கமாகச் சுருட்டிய மாவில் உள்சுற்றுகள் விரிய இடமில்லை. சூடும் நடுவைத் தாமதமாகவே எட்டுகிறது. இரண்டு விரற்கடை கனம் என்றால், மாவு எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் நடுப்பகுதி பின்தங்கும். ஷீட்டின் ஒரு பாதியில் மட்டும் தூவி, மறுபாதியை அதன்மேல் மடித்து மெல்ல அழுத்தி, 2 செ.மீ. அகலப் பட்டிகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரு முனைகளிலும் பிடித்து மூன்று நான்கு முறை முறுக்கி, முனைகளைத் தாளில் அழுத்தி வையுங்கள். எல்லாப் பக்கமும் சூடு படுவதால் முறுக்குகள் சீராக வேகும். சுருள்தான் வேண்டுமென்றால் தளர்வாகச் சுருட்டி, 1 செ.மீ. கனத்துக்குமேல் போகாமல் வெட்டுங்கள்.

எந்த வடிவமானாலும் தட்டோடு 15 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, நன்றாகச் சூடேறிய ஓவனுக்கு நேரே மாற்றுங்கள். வெப்பம் 200 டிகிரி இருக்கட்டும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 180 போதும். ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று இருந்தால் பல சந்தேகங்கள் தாமாகவே தீர்ந்துவிடும்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. என்னுடையது விசிறி இல்லாத ஓவன். அதில் 180 டிகிரி போதவில்லை என்பது இப்போது புரிகிறது. நேற்று இரவே ஷீட்டைக் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, இன்று காலை முறுக்குகளாகச் செய்தேன். வெண்ணெய் தடவாமல் தண்ணீர் மட்டும் தொட்டேன்; 50 கிராம் சர்க்கரைதான் தூவினேன். 200 டிகிரியில் எட்டாம் நிமிடம் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது முறுக்கின் ஒவ்வொரு வளைவிலும் ஏடுகள் விசிறிபோல விரியத் தொடங்கியிருந்தன. மேலே சிவந்த உடனே எடுக்காமல் அடியைத் திருப்பிப் பார்த்து, 18 நிமிடம் கழித்து எடுத்தேன். பிளந்தால் உள்ளே பச்சை மாவு சிறிதும் இல்லை. தட்டிலும் வெண்ணெய் தேங்கவில்லை.

ஒரே ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. மீதமிருந்த ஐந்து முறுக்குகளை இளஞ்சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினேன். மாலைக்குள் நமுத்துவிட்டன. இவற்றை மீட்க முடியுமா?

மூன்றாம் மறுமொழியை எழுதியவர்

முடியும். உள்ளே இருந்த சூட்டின் ஆவி வெளியேற வழியில்லாமல் டப்பாவுக்குள்ளேயே படிந்திருக்கிறது. 160 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, கம்பித்தட்டில் முழுவதும் ஆறவிடுங்கள். மைக்ரோவேவில் வைக்காதீர்கள், இன்னும் துவண்டுவிடும். இனிமேல், வேகாத முறுக்குகளைத் தட்டிலேயே உறைய வைத்து, இறுகியதும் பைக்கு மாற்றி ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்து, உறைந்தபடியே ஓவனில் வைத்து, இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாக வேகவிட்டால் போதும்.

கேட்டவர்

ஐந்தும் மறுபடி மொறுமொறுத்துவிட்டன. அடுத்த ஷீட் இப்போதே கீழ்த்தட்டில் இருக்கிறது. அதில் பாதியை நீங்கள் சொன்னபடி உறைய வைக்கப்போகிறேன்.