மூன்றே வாரத்தில் தொய்ந்துபோகும் தோல் உறை: வழி சொல்லுங்கள்

திருகோணமலையில் செருப்பு, பை தைக்கும் சின்னக் கடை என்னுடையது. உரிமம் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரின் குளொக் 19 பிஸ்டலுக்கு, காற்சட்டை இடுப்புக்குள் செருகும் தோல் உறை தைத்துக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் வாய்ப்பகுதி தொய்ந்து உள்ளே மடங்குகிறது.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அந்தப் பிஸ்டலில் கையால் தள்ளும் பூட்டு கிடையாது. திருப்பிச் செருகும்போது மடிந்த தோல் விசையில் சிக்கினால் வெடித்துவிடலாம்.

தோல் 3 மில்லிமீற்றர், மரப்பட்டையில் பதனிட்டது. வெட்டிய விளிம்பு முழுக்கப் பழுப்பு, ஆகவே குரோம் உப்பில் பதனிட்ட தோல் இல்லை. மார்ச்சில் தைத்த முதல் உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மர அச்சில் அழுத்தி (துப்பாக்கியைக் கடையில் வைக்க நான் சம்மதிப்பதில்லை), விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயவிட்டேன். அப்புறம் தேன்மெழுகு. நம்மூர் வெக்கையில், வியர்வையில் அது நிற்கவில்லை. அடுத்த உறைக்கு வாயைச் சுற்றி இரட்டைத் தோல். முதல் உறையைவிட ஒரு வாரம் கூடுதலாகத் தாங்கியது, அவ்வளவுதான். இரும்புத் தகடு வைத்தால் துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் உறை அவருக்கு வேண்டாமாம்.

வாய்ப்பட்டிக்குள் எதை வைத்துத் தைத்தால் வியர்வையிலும் விறைப்பாக நிற்கும்?