அமெரிக்காவில் டாக்டரிடம் போகிறீர்களா? ஹிப்பா பற்றித் தெரிந்துகொண்டு போங்கள்

சென்னையிலோ கோவையிலோ மெடிக்கல் கோடிங், பில்லிங் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு ஹிப்பா (HIPAA), அதாவது நோயாளியின் மருத்துவ விவரங்களை ரகசியமாகக் காக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம், புதிதல்ல. வருடா வருடம் ஆபீசில் டிரெய்னிங் எடுத்திருப்பீர்கள். ஆனால் அதே சட்டம் நோயாளியான நமக்கு என்ன தருகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. புதிதாக வந்தவர்களுக்காக, முக்கியமாக டிபென்டன்ட் விசாவில் வந்திருக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

சட்டம் 1996-ல் வந்தது. அதன் தனியுரிமை விதிகள் 2003 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. டாக்டர், ஆஸ்பத்திரி, மருந்துக்கடை, ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி, இவர்களுக்காக வேலை செய்யும் பில்லிங் நிறுவனங்கள் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை. உங்கள் விசா எதுவாக இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு உண்டு.

முதலில் போனில்தான் இது இடிக்கும். மனைவியின் ரத்தப் பரிசோதனை என்ன ஆயிற்று என்று கணவர் டாக்டர் ஆபீசுக்குப் போன் செய்து கேட்டால், "அவரையே பேசச் சொல்லுங்கள்" என்பார்கள். கோபப்பட வேண்டாம். பொதுவாக 18 வயது நிரம்பிய ஒவ்வொருவரின் விவரமும் அவரவருக்கே சொந்தம். காலேஜ் போகும் மகளுக்கும் இதேதான், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கும் இதேதான். அப்பா பக்கத்தில் இருந்து "என் மகனிடம் சொல்லலாம்" என்று வாயால் சொன்னாலே சட்டப்படி போதும். ஆனாலும் பல இடங்களில் கையெழுத்து கேட்பார்கள். அதனால் முதல் தடவை போகும்போதே அவருடைய அனுமதிப் படிவத்தில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகும்போது மொழிபெயர்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். கர்ப்பப்பைப் பிரச்சினையைப் பேரன் முன்னால் எந்தப் பாட்டி சொல்வார்? அரசு நிதி பெறும் ஆஸ்பத்திரிகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும். "தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும்" என்று அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். பெரும்பாலும் போனிலோ வீடியோவிலோ வருவார்கள்.

அப்புறம், அதிகம் பேசப்படாத விஷயம் இன்சூரன்ஸ் தபால். கணவரின் வேலை மூலம் வரும் இன்சூரன்சில் நீங்கள் இருந்தால், எந்தத் தேதியில் எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், என்ன சிகிச்சை என்ற கணக்குத் தாள் பெரும்பாலும் அவர் பெயருக்கே போகும். மனநல ஆலோசகரைப் பார்த்ததும் கருத்தடை மாத்திரை வாங்கியதும் அதில் தெரியலாம். வீட்டில் பயம் இருக்கும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. இதற்குச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. விவரம் வெளியே தெரிந்தால் எனக்கு ஆபத்து என்று சொல்லி, தபாலை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லலாம். நியாயமான அந்தக் கோரிக்கையை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றே ஆக வேண்டும். இல்லையென்றால் முழுப் பணத்தையும் நீங்களே கட்டிவிட்டு, இன்சூரன்சுக்குத் தெரிவிக்கக் கூடாது என்று டாக்டர் ஆபீசில் கேளுங்கள். அதையும் அவர்கள் மறுக்க முடியாது. பில் அனுப்புவதற்கு முன்பே, எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் இதைவிட வலுவான சட்டம் இருக்கிறது. நீங்கள் இருக்கும் மாநிலத்தில் என்ன என்று பாருங்கள்.

வேறு ஊருக்கு மாறுகிறீர்களா, ஊர் திரும்புகிறீர்களா? உங்கள் மருத்துவப் பதிவுகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதமானால் காரணத்தை எழுத்தில் சொல்லி இன்னும் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் முடியாது. நகலெடுக்கும் செலவை ஒட்டிய கட்டணம் மட்டுமே வாங்கலாம். பழைய பில் பாக்கி இருக்கிறது என்று சொல்லி நிறுத்தி வைக்கவும் கூடாது. மனநல மருத்துவர் தனக்கென்று தனியாக எழுதி வைக்கும் குறிப்புகள் இதில் சேராது.

சட்டம் தொடாத இடங்களும் இருக்கின்றன. நடை எண்ணும் ஆப்கள் பெரும்பாலும் இதற்குள் வராது. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நீங்களே போட்ட ரிப்போர்ட்டுக்கும் பாதுகாப்பு இல்லை. லீவுக்காக எச்.ஆர். உங்களிடம் டாக்டர் சான்றிதழ் கேட்பது ஹிப்பா மீறல் ஆகாது. ஆனால் எச்.ஆர். நேரடியாக டாக்டரிடம் கேட்டால், பொதுவாக உங்கள் கையெழுத்து இல்லாமல் அவர் சொல்லக் கூடாது. அதனால் ஆபீசில் நீட்டும் எந்தப் படிவத்தையும் முழுதாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் விவரத்தை யாராவது தவறாக வெளியிட்டால், அமெரிக்க மத்திய சுகாதாரத் துறையின் கீழ் இருக்கும் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. விஷயம் தெரிந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்ததற்காக ஆஸ்பத்திரி உங்களைப் பழிவாங்கவும் சட்டப்படி கூடாது.