ஓலைக்கு அடியில் இருக்கிறது சங்கதி

தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போய்ப் பழகிய சில பேர், இப்போது ஊர்ப்பக்கத்து மரங்களில் வெளிநாட்டுப் பூச்சி ஏதும் இறங்கியிருக்கிறதா என்றும் பார்த்து வருகிறோம். பெரிய கருவி கிடையாது. ஒரு கைலென்ஸ், போன், ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

களக்காட்டுப் பக்கம் ஒரு தோப்பு. தென்னைக்கு ஊடே வாழை. வாழையிலை மேலெல்லாம் கருப்பாகப் படிந்திருக்க, தோப்புக்கார அண்ணாச்சி நோய் வாழைக்குத்தான் என்று நினைத்திருந்தார். தாழ்ந்து தொங்கிய தென்னை மட்டையை இழுத்துத் திருப்பினோம். அடியில் வெள்ளை மெழுகில் கோலம் போட்டது போலச் சுருள் சுருளாக இருந்தது. சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பூச்சி; நம் மாநிலத்தில் 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் தென்பட்டது. ஓலைச் சாற்றை உறிஞ்சி, இனிப்புப் பிசுக்கைக் கீழே சொட்டவிடும். அந்தப் பிசுக்கில் வளர்கிற கரும்பூசணம்தான் வாழையிலையில் கண்டது.

"வே, கடையில மருந்து குடுத்துட்டான். நீரு லென்ஸ வச்சிக்கிட்டு என்னத்தப் பாக்கீரு?" என்றார் அண்ணாச்சி.

பார்த்தது ஓட்டையை. ஈ தானாக வெளியேறியிருந்தால் கூட்டின் முதுகு ஆங்கில 'டி' எழுத்து வடிவில் கிழிந்திருக்கும். என்கார்சியா என்ற பொடிக் குளவி ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு, அதன் புழு உள்ளேயே தின்று வளர்ந்து வெளிவந்திருந்தால், துளை சுத்த வட்டமாக இருக்கும். அந்த ஓலையில் வட்டம்தான் அதிகம். இந்த நேரத்தில் மருந்தடித்தால் ஈயோடு குளவியும் போய்விடும், அப்புறம் ஈ மட்டும் சீக்கிரம் திரும்பி வரும். லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார்.

"இத்தினிக்கூண்டா இருக்கு, இதுவா அதத் திங்கும்?"

சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. ஆனாலும் மருந்து டின்னைத் திறக்கவில்லை. ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை மரங்களுக்கு இடையே கட்டவும், லிட்டருக்கு 25 கிராம் மைதாவைப் பசையாகக் காய்ச்சித் தெளிக்கவும் சம்மதித்தார். பசை காய்ந்து உதிரும்போது பூசணமும் சேர்ந்து உதிர்ந்துவிடும். பரோட்டாவுக்கு வாங்கின மைதாவை மரத்துக்கா ஊத்தப் போறீக என்று வேலைக்கு வந்த பையனுக்கு ஒரே சிரிப்பு.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு ஆச்சி வேறு குறையோடு வந்தார். சளிக்கு அடை சுட முள்முருங்கையில் ஒரு நல்ல இலை கிடைக்கவில்லையாம். காம்பும் நரம்பும் புடைத்து, இலை சுருண்டிருந்தது. புடைப்பை பிளேடால் கீறினால் உள்ளே அறை அறையாகப் புழு. இதுவும் குளவிதான், ஆனால் மரத்தைக் கெடுக்கிற குளவி. 2004-ல்தான் இதற்கு அறிவியல் பெயரே வைத்தார்கள். அடுத்த சில வருஷத்திலேயே நம் வேலிக்கு வந்துவிட்டது. தென்னையில் இருப்பது நல்ல குளவி, இது ஆகாத குளவி என்று விளக்கினால், "குளவியில என்னல நல்லது?" என்கிறார் ஆச்சி. புடைத்த கொப்புகளை வெட்டி எரித்தாயிற்று. புதுத் தளிர் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்களுக்கு அதிகம் வருவது வேப்பமரப் புகார்தான். மழைக்காலம் கழிகிற சமயம் நுனிக்கொப்பெல்லாம் காய்ந்து கருகும். உடனே வாட்ஸப்பில் வெளிநாட்டுப் பூச்சி என்று ஓடும். அது தேயிலைக் கொசு என்ற பூச்சியும் ஒரு பூஞ்சையும் சேர்ந்து செய்கிற வேலை. அந்தப் பூச்சி நம் நாட்டுக்குப் புதிதே இல்லை. வெயில் ஏறினால் பெரும்பாலான மரங்கள் தளிர்த்துவிடும். இதைச் சொன்னால் கேட்கிறவர் முகம் வாடிவிடுகிறது, என்னமோ நாம் அவர் மரத்தை மட்டம் தட்டின மாதிரி. பாளையங்கோட்டையில் ஒருவர் மரம் வெட்ட ஆளுக்கு முன்பணமே கொடுத்துவிட்டார். சித்திரை வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சி நிறுத்தி வைத்திருக்கிறோம்.

படம் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து தூரத்தில் நின்று முழு மரத்தை மட்டும் எடுக்காதீர்கள். இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் கிட்டத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடுங்கள். ஊர்ப் பெயரும் தேதியும் போடுங்கள்.