மருந்துக்கு அடங்காத கேண்டிடா ஆரிஸ், சானிடைசருக்கு அடங்குமா?

கேள்வி (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிரிவில் ஒரு நோயாளிக்குக் கேண்டிடா ஆரிஸ் பூஞ்சை இருப்பது உறுதியாகி, அவரைத் தனியறைக்கு மாற்றியுள்ளோம். ஃபுளூகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்கிறது ஆய்வக அறிக்கை. மருந்துக்கே அடங்காதது, கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சானிடைசருக்கு அடங்குமா என்று உடன் பணிபுரிவோர் கேட்கிறார்கள். சிலர் ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவிக் கழுவி, விரலிடுக்குகள் வெடித்து வேதனைப்படுகிறார்கள். எது சரி?

மறுமொழி 1 (நுண்ணுயிரியல் துறை):
சகோதரி, அடங்கும். ஃபுளூகோனசோல், பூஞ்சை தன் செல் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருளை உருவாக்கும் வழியில் ஒரேயொரு நொதியைத் தடுக்கிறது. அந்த நொதியைச் சற்றே மாற்றிக்கொண்டோ, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளியோ பூஞ்சை தப்பிவிடுகிறது. சானிடைசரில் உள்ள ஆல்கஹால் அப்படி ஓரிடத்தைக் குறிவைப்பதில்லை. சவ்வையும் புரதங்களையும் ஒருசேரக் குலைத்துவிடுகிறது. கையில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இல்லாதவரை ஆல்கஹாலையே பயன்படுத்துமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் இந்தப் பூஞ்சைக்குப் பரிந்துரைக்கிறது. இரத்தமோ மலமோ பட்ட கைக்குச் சோப்பும் தண்ணீரும் கட்டாயம். வெடித்த தோலில் கிருமிகள் எளிதில் தங்கும் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

மறுமொழி 2 (தொற்றுத் தடுப்புச் செவிலியர்):
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் என் கவலை கையைவிடப் பொருள்களைப் பற்றியது. 2015 முதல் 2017 வரை இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், பெரும்பாலும் நரம்பியல் தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் இருந்த 70 பேரிடம் இந்தப் பூஞ்சை காணப்பட்டது. அக்குளில் வைத்து வெப்பம் பார்க்கும், மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பட்ட கருவிகளே முக்கியக் காரணம் என்று தெரிந்து, அவற்றை விலக்கிய பின்னரே பரவல் தணிந்தது. கையைச் சுத்தம் செய்துவிட்டு அப்படியொரு கருவியைத் தொட்டால் பயன் என்ன? குவாட்டர்னரி அமோனியம் என்னும் கிருமிநாசினி மட்டும் கொண்ட துடைப்பான்கள் பல இந்தப் பூஞ்சையிடம் போதிய அளவு வேலை செய்வதில்லை. குளோரின் அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டவையா என்று பாருங்கள். கிருமிநாசினி பட்ட பரப்பு, குறிப்பிட்ட நேரம்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். சானிடைசரையும் கட்டைவிரல், விரல்நுனி விடாமல், 20 முதல் 30 விநாடி தேய்த்து, தானாக உலர விட வேண்டும். கையுறை அணிந்திருந்தாலும், கழற்றியதும் இதைச் செய்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. உங்கள் பதிலைப் படித்ததும் போய்ப் பார்த்தேன். தனியறையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, துடைக்கப்படாமலே பொது வண்டிக்குத் திரும்பியிருந்தது. அதை எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த அறைக்கென்றே ஒரு பட்டையும் தெர்மாமீட்டரும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.