திடீரென்று பேசச் சொல்லி முன்னால் நிறுத்திவிட்டால் என்ன செய்வீர்கள்?

மலையோரம்:
கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். போன சனிக்கிழமை, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் அண்ணனுக்குக் காய்ச்சல், வாசலில் காலேஜ் பஸ் வந்து நிற்கிறது, நாற்பது பிள்ளைகள், மேனேஜர் என்னைப் பார்த்து "நீங்களே கூட்டிட்டுப் போங்கம்மா, இத்தனை வருஷமா இங்கதானே இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் எடைச் சீட்டும் பில்லும்தான். இலை வாட்டும் இடத்தில் நின்று சுவரில் மாட்டியிருந்த போர்டைப் பார்த்துப் படித்தேன். இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் போனை எடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. சீசனில் இது மறுபடியும் நடக்கும். ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும் என்றால் நீங்கள் எதைப் பிடித்துக்கொள்வீர்கள்?

குன்னூர் கைடு:
தங்கச்சி, மலை ரயிலில் வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பதுதான் என் பிழைப்பு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்: 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம், 1899-ல் குன்னூர் வரை வந்தது, 1908-ல் ஊட்டி. ஒரு மழைநாளில் மண் சரிந்து வண்டி வழியிலேயே நின்றுவிட்டது, இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும், ஒரு குடும்பம் முழுக்க என் முகத்தையே பார்க்கிறது. எண்களைச் சொல்லி முடித்தேன், பத்து நிமிஷம்கூட ஓடவில்லை. அப்போது ஒரு சின்னப் பெண் "இன்ஜின் ஏன் முன்னாடி இல்லாம பின்னாடி இருக்கு?" என்று கேட்டாள். நடுவில் இருக்கும் பல் தண்டவாளத்தைக் காட்டினேன். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது, பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏற்றம், பெட்டி கழன்றாலும் கீழே உருண்டு ஓடிவிடாமல் இன்ஜின் பள்ளத்துப் பக்கம் நின்று தாங்குகிறது என்றேன். அவ்வளவுதான், அப்புறம் நான் பேசவே வேண்டியிருக்கவில்லை, அவர்களே ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார்கள். கண் முன்னால் இருப்பதில் ஒன்றைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். பேச்சு அதிலிருந்து வரும்.

ரோலிங் செக்‌ஷன்:
அக்கா, நானும் ஃபேக்டரிதான். அண்ணன் சொல்வது சரி, ஆனால் மிஷின் ஓடும் இடத்தில் நின்று எதைக் காட்டினாலும் பேச்சு காதில் விழாது. அதனால் சொல்ல வேண்டியதை வெளியிலேயே சொல்லிவிட்டு உள்ளே போங்கள். வாட்டின இலையை ஒரு பிடி அள்ளி அமுக்கச் சொல்லுங்கள், நன்றாக வாடியிருந்தால் கையைத் திறந்தாலும் பந்து மாதிரியே நிற்கும், பச்சை இலை உடனே விரிந்துவிடும். அப்புறம் அரைத்து வரும் இலையை முகரச் சொல்லுங்கள். முதலில் புல் வாசனை, நேரம் ஆக ஆகச் செம்பு நிறம் ஏறி வாசனையே மாறிவிடும். இதை விளக்கவே வேண்டாம், மூக்கே சொல்லிவிடும். இன்னொன்று, எடைச் சீட்டு மட்டும்தான் தெரியும் என்கிறீர்களே, ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைத் தேயிலை போகிறது என்பது உங்கள் நோட்டில்தானே இருக்கிறது? அதைச் சொல்ல எங்களால் முடியாது.

பூம்பாறை டீச்சர்:
கொடைக்கானல் மலையில் வேலை பார்க்கிறேன். வேறு டீச்சர் வராத வகுப்புக்குப் பாதி நாட்கள் நான்தான் போவேன், கையில் புத்தகம்கூட இருக்காது. ஒருமுறை கணக்குப் பாடம், ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவு. குறிஞ்சி 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்து எப்போது, அப்போது உனக்கு என்ன வயது, உன் பாட்டி இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பார் என்று கேட்டேன். மணி அடித்த பிறகும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாத கேள்வி வந்தால் பூசி மெழுகாதீர்கள் அம்மா, பக்கத்தில் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாடம்.

மலையோரம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி ஒரு வேன் வந்தது, பெரியவர்கள் பன்னிரண்டு பேர். போர்டுப் பக்கமே போகவில்லை. தராசில் நாலரை கிலோ பச்சைத் தேயிலை வைத்தேன், பக்கத்தில் ஒரு கிலோ தூள் பாக்கெட். இது அது ஆகிறது என்றேன், குவியலைப் பார்த்துவிட்டு யாரும் நகரவில்லை. ஒரு பெரியவர், அவரும் விவசாயிதான், நிலக்கடலை போடுகிறவர், "அப்போ இலை கொடுக்கிறவருக்குக் கிலோவுக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டார். குன்னூர் ஏலம், தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலை, மழையில் பறித்த ஈர இலைக்கு எடையில் எவ்வளவு கழிக்கிறோம், எல்லாம் ஒன்பது வருஷமாக நான் எழுதிக்கொண்டிருப்பதுதான், தடுமாறாமல் வந்தது. அரை மணி நேரம் தராசு பக்கத்திலேயே நின்றுவிட்டோம். இலை அரைக்கும் ரோலிங் பக்கம் போக நேரமில்லை. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வேனுக்கு முதலில் வாசனைதான்.